இசக்கிமுத்துவுக்கு நீச்சல் தெரியும்

மாடத்தி: அங்கேயே நில்லுங்க அண்ணாச்சி. வார்டுக்குள்ள போக வேண்டாம்.

வீரபாண்டி: ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன் தங்கச்சி. ரெண்டு நாளாச்சு.

மாடத்தி: அந்த ரெண்டு நாளும் எங்க இருந்தீக?

வீரபாண்டி: வீட்டுலதான் கிடந்தேன். காய்ச்சல் மாதிரி இருந்துச்சு.

மாடத்தி: தண்ணிக்குள்ள கிடந்தது என் புருசன். காய்ச்சல் உங்களுக்கா?

வீரபாண்டி: இசக்கிமுத்துக்கு இப்ப எப்படி இருக்கு? அதை மட்டும் சொல்லு.

மாடத்தி: நெஞ்சுல தண்ணி கட்டியிருக்காம். பொழச்சுக்கிடுவாக, ஆனா மூட்டை தூக்க ஆறு மாசம் ஆகும்னு டாக்டரு சொல்லுதாரு.

வீரபாண்டி: பேசுதானா?

மாடத்தி: பேசுனா உங்களுக்கு என்ன?

வீரபாண்டி: எனக்கென்ன... சும்மா கேட்டேன்.

மாடத்தி: இந்த பெஞ்சுல உக்காருங்க. முந்தாநாள் வள்ளம் அடையுற கடவுல நடந்ததை உங்க வாயால சொல்லுங்க. பொறவு உள்ள போறதைப் பத்திப் பேசலாம்.

வீரபாண்டி: அதான் பஜார் பூராவும் சொல்லியிருக்குமே.

மாடத்தி: சொல்லிச்சு. அரிசி ஏத்தி வந்த வள்ளத்துலருந்து கரைக்குப் போட்ட பலகைகிட்ட என் புருசன் முங்கிக்கிட்டு இருந்தாகளாம். கரையில நீங்க இடுப்புல கையை வச்சுப் பாத்துக்கிட்டு நின்னீகளாம்.

வீரபாண்டி: இடுப்புல கையெல்லாம் வைக்கல.

மாடத்தி: பின்ன கை எங்க இருந்துச்சு?

வீரபாண்டி: கயித்தைப் பிடிச்சிருந்தேன்... வள்ளம் கட்டுன கயிறு.

மாடத்தி: அதை அவுகளுக்கு எறிஞ்சீகளா?

வீரபாண்டி: இல்ல.

மாடத்தி: ஏன்?

வீரபாண்டி: விரல் பிரியல தங்கச்சி. விறைச்சுப் போச்சு.

மாடத்தி: நீச்சல் தெரிஞ்ச ஆளுக்கா? எமர்ஜென்சி முடிஞ்ச வருசம் ரெண்டு பேரும் ஒரே ரயிலுலதான் கொச்சிக்கு வந்தீக. ஒரே நாளுலதான் சுமைக்காரங்களுக்குத் தலைவரான மூப்பன் உங்களைத் தன் கூட்டத்துல சேத்தாரு. நீந்தத் தெரியாதவனை வள்ளத்துல ஏத்தவே மாட்டேன்னு சொல்லித்தானே சேத்தாரு?

வீரபாண்டி: ஆமா.

மாடத்தி: தெரியும்னு சொல்லித்தானே சேந்தீக?

வீரபாண்டி: மெதுவாப் பேசு. சிஸ்டர் பாக்குது.

மாடத்தி: பாக்கட்டும். முந்தின நாள் சாயாக்கடையில உங்களுக்கும் அவுகளுக்கும் சண்டையாமே?

வீரபாண்டி: யாரு சொன்னா?

மாடத்தி: யாரு சொன்னா என்ன. மூப்பன் ஊருக்குப் போறப்ப அவுகளைத்தான் கூட்டத்தைப் பாத்துக்கிடச் சொன்னாராம். வயசுல மூத்தவன் நான் இருக்கேன், சின்னப்பய என்னை ஏவுறதான்னு நீங்க கிளாசைத் தூக்கி வீசுனீகளாம்.

வீரபாண்டி: வீசல. வச்சதுல உடைஞ்சுது.

மாடத்தி: அந்தக் கோவத்துலதான் சாகட்டும்னு நின்னீகன்னு சொல்லுதாங்க. நாளைக்கு யூனியன் ஆபீசுல விசாரிக்கப் போறாங்க. வஞ்சம் வச்சு நின்னான்னு முடிவாச்சுன்னா இந்த மட்டாஞ்சேரியில உங்களை ஒரு கடவுலயும் நிக்க விட மாட்டாங்க.

வீரபாண்டி: அப்படியே எழுதிக்கட்டும்.

மாடத்தி: என்னது?

வீரபாண்டி: வஞ்சம்னே எழுதிக்கட்டும். நான் இல்லைன்னு சொல்லப் போறதில்ல.

மாடத்தி: செய்யாத பாவத்தை ஏன் சுமக்கீக?

வீரபாண்டி: செஞ்சது அதைவிடப் பெருசா இருந்தா?

மாடத்தி: சரி. வேற ஒண்ணு கேக்கேன். அன்னிக்கு என்கிட்ட ஓடி வந்து சேதி சொன்னது நீங்கதான். நின்ன இடத்துல வாசப்படி குளமாயிருச்சு. கைலி, தலைமுடி எல்லாம் சொட்டுச்சு. கரையில நின்னவரு எப்படி நனைஞ்சீக?

வீரபாண்டி: அவனைத் தூக்கிப் போட்டப்ப...

மாடத்தி: தூக்குனது வள்ளக்காரரு அவறாச்சன் சேட்டன். நீங்க தொடக்கூட இல்லைன்னு அவரே சொன்னாரு.

வீரபாண்டி: தங்கச்சி, என்னைப் போக விடு.

மாடத்தி: போங்க. யாரு பிடிச்சா?... போகல பாத்தீகளா.

வீரபாண்டி: முதல்ல விழுந்தது நான்.

மாடத்தி: ம்.

வீரபாண்டி: உச்சி வெயிலு. மத்தவனெல்லாம் கஞ்சி குடிக்க அரிசிக் கிட்டங்கிக்குள்ள போயிட்டான். கடைசி நாலு மூட்டை, நாம இறக்கிட்டுப் போவோம்னு இசக்கிதான் சொன்னான். அவறாச்சன் சேட்டன் வள்ளத்துக் கூரைக்குள்ள தூங்கிட்டு இருந்தாரு. நான் மூட்டையோட பலகையில பாதி வந்தேன். காலு வழுக்குச்சு. மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மாடத்தி: நீந்த வேண்டியதுதானே?

வீரபாண்டி: எனக்குத் தெரியாது. முழங்கால் தண்ணிக்கு மேல நான் இறங்குனதே இல்ல. எங்க ஊருல கிணத்துலயே தண்ணி கிடையாது, எங்க போயி நீச்சல் பழக? மூப்பன் மலையாளத்துல "நீந்தான் அறியாமோ", நீந்தத் தெரியுமான்னு கேட்டாரு. முன்னால நின்ன இசக்கி "அறியாம்", தெரியும்னான். நானும் அறியாம்னேன். நாலு வருசமா பலகையில கால் வைக்கும்போதெல்லாம் கீழ தண்ணியைப் பாக்காமத்தான் நடந்தேன். யாருகிட்ட சொல்ல?

மாடத்தி: விழுந்த பொறவு?

வீரபாண்டி: ரெண்டு தடவை முங்கி எந்திரிச்சேன். தண்ணி குடிச்சேன். மேல இசக்கி நிக்கான். ஒரு நொடி என்னைப் பாத்தான். தோளுல இருந்த மூட்டையைக் கீழ போட்டுட்டு அப்படியே குதிச்சுட்டான். சாயாக்கடையில நான் பேசுன பேச்சுக்கு வேற எவனா இருந்தாலும் யோசிச்சிருப்பான்.

மாடத்தி: அவுக யோசிக்கல.

வீரபாண்டி: யோசிக்கல. என் இடுப்பைப் பிடிச்சு மேல தள்ளுனான். கயிறு ஒரு முழத்துல தொங்குது, எட்டல. அப்ப...

மாடத்தி: சொல்லுங்க.

வீரபாண்டி: வேண்டாம் தங்கச்சி.

மாடத்தி: இவ்வளவு தூரம் வந்துட்டீக.

வீரபாண்டி: அவன் தோளுல காலை வச்சேன். மிதிச்சுத்தான் எம்புனேன். முதல் தடவை எட்டல. ரெண்டாவது தடவை மிதிச்சேன். கயிறு கையில வந்துச்சு, நான் ஏறிட்டேன். அவன் கீழ போயிட்டான்.

மாடத்தி: ரெண்டு தடவையா?

வீரபாண்டி: ரெண்டு தடவை. தெரிஞ்சேதான் மிதிச்சேன். காலுக்கடியில இருக்கது மனுசன்னு தெரிஞ்சுது.

மாடத்தி: மேல வந்து நின்னீகளே, அப்பவாவது ஒரு சத்தம் போட்டிருக்கலாமே? கிட்டங்கிக்குள்ள பத்துப் பேரு இருந்தாங்க.

வீரபாண்டி: இருந்தாங்க. சத்தம் போட்டா ஓடி வருவாங்க. வந்தா, நீ ஏன்டா குதிக்கலன்னு கேப்பாங்க.

மாடத்தி: அதுக்காகவா வாயை மூடிக்கிட்டு நின்னீக?

வீரபாண்டி: அதுக்காகத்தான். நீச்சல் தெரியாதவன்னு ஊருக்குத் தெரிஞ்சா வேலை போயிருமேன்னு... அதோட இன்னொண்ணும் நினைச்சேன். இசக்கிக்குத்தான் தண்ணி பழக்கமாச்சே. தாமிரபரணியில வெள்ளம் வந்தப்பவே அக்கரைக்கு நீந்திப் போயிட்டு வந்ததா எத்தனை தடவை சொல்லியிருக்கான். குமிழி வந்துக்கிட்டே இருந்துச்சு. இப்பத் தலை தெரியும், இந்தா தெரியும்னு பாத்துக்கிட்டே நின்னேன். குமிழி நின்னு போச்சு. அந்நேரம் அவறாச்சன் சேட்டன் முழிச்சு எட்டிப் பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்கல, குதிச்சாரு.

மாடத்தி: அவரு முழிக்கலன்னா?

வீரபாண்டி: ரெண்டு நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். கண்ணை மூடுனா காலுக்கடியில அவன் தோளு.

மாடத்தி: அழாதீக. எல்லாரும் பாக்காங்க.

வீரபாண்டி: நாளைக்கு யூனியனுல இதை அப்படியே சொல்லிருதேன். வேலை போனாலும் சரி. ஒண்ணே ஒண்ணுதான் என் மனசைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துது தங்கச்சி. இசக்கி நீந்தத் தெரிஞ்சவன். தெரிஞ்ச தைரியத்துலதான் குதிச்சான். ஒண்ணும் தெரியாதவனைப் போட்டு நான் மிதிக்கல. அப்படி மட்டும் இருந்திருந்தா இந்நேரம் நான் உசிரோட இருக்க மாட்டேன். ஏன் அப்படிப் பாக்க?

மாடத்தி: அண்ணாச்சி, அவுகளுக்கு இன்னைக்கு விடியக்காலமே பேச்சு வந்துருச்சு. நீங்க விழுந்தது, அவுக குதிச்சது எல்லாம் சொன்னாக. தோளு ரெண்டும் கன்னிப்போயிருக்கே, என்னன்னு கேட்டேன். வள்ளம் இடிச்சுருச்சுன்னாக. பொறவு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கும் நீச்சல் தெரியாதுங்கறதை மட்டும் வீரபாண்டிகிட்ட சொல்லிராத, அவன் தாங்க மாட்டான்"னு சத்தியம் கேட்டாக. நீங்க மிதிச்சது தெரியாம அப்ப நான் சத்தியம் செஞ்சுதான் கொடுத்தேன்.