மரத்திருகில் இருந்த எண்

பெயர்: யோம் சோரா. வயது: 15. தொழில்: நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவி. முகவரி: குன்சான், துறைமுகத் தெரு, ஓக் கட்டடம், மூன்றாம் மாடி, பில்லியர்ட்ஸ் கூடத்தின் பின்னறை.

விசாரணை அதிகாரி நேற்று, 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, எங்கள் கூடத்துக்கு வந்தபோது இரண்டு வாக்குமூலப் படிவங்கள் கொடுத்தார். ஒன்றில் என் தாயார் (பெயர்: மா யங்சில்) எழுதிக் கொடுத்தார். மற்றது வெற்றாகக் கல்லா மேசைமேல் கிடந்தது. அதில் இதை எழுதுகிறேன். என் தாயார் தூங்குகிறார். அவருக்கு இது தெரியாது.

கூடம் என் தாயாருடையது. கட்டடம் திரு. ஓக் தூசிக் என்பவருடையது. அவரை எல்லோரும் தலைவர் என்றே அழைப்பார்கள். கட்டடத்தின் எல்லாக் கதவுகளுக்கும் அவரிடம் சாவி உண்டு. எங்கள் பின்னறைக்கும் உண்டு.

எங்கள் கூடத்தில் ஆட வருகிற ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே சொல்ல வேண்டும். 250 என்று சொன்னவர் இருபத்தைந்து புள்ளி எடுத்தால் ஆட்டம் முடியும். 400 என்றவர் நாற்பது எடுக்க வேண்டும். திறமையை மறைத்துக் குறைத்துச் சொல்பவரை உப்பு என்பார்கள், கூட்டிச் சொல்பவரைத் தண்ணீர் என்பார்கள். தலைவரின் எண் 250. ஆண்டுதோறும் நடக்கும் கட்டடப் போட்டியில் மூன்று முறை அவர்தான் வென்றார். பரிசு ஒவ்வொரு முறையும் கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற குளிர்சாதனப் பெட்டி.

கடந்த ஆகஸ்ட் 24ஆம் தேதி சனிக்கிழமை காலை, தலைவர் தனக்கென்று பந்து அடிக்கிற கோல் ஒன்று செய்யச் சொல்லி, கோல் செய்பவரான திரு. கி தேசோப்பை வரவழைத்தார். கி மாமா அவருடைய தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார், அதன் பிறகு பிடியின் சுற்றளவை அளந்தார், அதன் பிறகு இருபது தடவை அடிக்கச் சொல்லிவிட்டுப் பந்தைப் பார்க்காமல் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கருங்காலியில் பின்பாதி வேண்டும் என்றும், அதில் முத்துச்சிப்பியால் ஒன்பது கொக்குகளும் தன் பெயரும் பதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அத்தனை கொக்கும் ஏறினால் கோல் பின்பக்கம் கனத்துத் தொங்கும் என்று கி மாமா சொல்லி, கடைசியில் இரண்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். எண்ணைக் கேட்டதற்குத் தலைவர் 250 என்றார்.

தலைவர் போன பிறகு நான் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கி மாமா அளவு நாடாவைச் சுருட்டியபடி என்னிடம் கேட்டார்.

"சோரா, அவரு தனியா அடிக்கறப்போ எத்தனம்மா வரும்?"

"நானூறு இருக்கும் மாமா. போன சனிக்கிழம நிறுத்தாம இருபத்திரண்டு எடுத்தாரு."

"நானும் அதான் நெனச்சேன். கோலு வாய்க்குச் செய்யறதில்ல, கைக்குச் செய்யறது."

250 அடிப்பவருக்குக் கோலின் முன்பாதியைத் தடிமனாக விடுவாராம், இவருக்கு இழைத்து மெலிதாக்க வேண்டும் என்றார். அவர் கேட்டார், நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

கோல் இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டையும் ஒரு மரத்திருகு இணைக்கும். யார் கைக்குச் செய்தாரோ அவருடைய எண்ணை அந்தத் திருகின் அடியில் ஊசியால் கீறி வைப்பது கி மாமாவின் வழக்கம். நவம்பர் 16ஆம் தேதி கோல் வந்தது. தலைவர் கொக்குகளைப் பார்த்தார். திருகைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் தலைவர், டாக்ஸி ஓட்டும் திரு. போங் கில்சுவை வென்றார். அதன் பிறகு திரு. போங் கோலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கி, கழற்றி, விளக்கின் கீழே பிடித்துப் படித்தார்.

"நானூறா? ஏன் தலைவரே, மூணு பொட்டி கிம்ச்சிக்கும் உப்ப உங்க எண்ணுலேர்ந்தே எடுத்துக்கிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அதன் பிறகு பரிசை வாங்கவில்லை. சுமார் ஏழு மணிக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள். கி மாமா நான்காம் மேசை ஓரத்தில் உட்கார்ந்து கறுப்புச்சாறு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அன்று குடிக்கவில்லை, ஏனென்றால் அவர் கேட்டு நான் கொடுத்தது பார்லித் தண்ணீர். தலைவர் கோலின் இரண்டு பாதிகளையும் திருகிப் பூட்டிக்கொண்டே அவரிடம் வந்தார்.

"எண்ண ஒனக்கு எவன் சொன்னான்?"

"ஒங்க முழங்கை சொல்லுச்சு."

அப்போது நான் மூன்றடி தூரத்தில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கி மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய வலது கை மேசை விளிம்பில் இருந்தது. தலைவர் கோலின் பின்பாதியால் அந்தக் கையில் அடித்தார். கி மாமா கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தார். இரண்டாவது அடியில் கோல் இணைப்பில் உடைந்தது. என் தாயார் கல்லாவில் நின்றுகொண்டிருந்தார். அவர், "தலைவரய்யா, துணி கிழிஞ்சிரும்" என்றார். அதன் பிறகு மேசையின் நீலத்துணியில் ரத்தம் பட்ட இடத்தைக் குளிர்ந்த நீரால் துடைத்தார். கறை போன பிறகும் துடைத்தார்.

கி மாமா குடித்துவிட்டுக் கோலை உடைத்ததாகவும், படியில் விழுந்து விரல்களை முறித்துக்கொண்டதாகவும் தலைவர் புகார் கொடுத்திருப்பது தெரியும். அன்று தான் சமையலறையில் இருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் என் தாயார் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு என்னிடம், "நீ பாக்கல. நானும் பாக்கல. வசந்தத்துல வாடகை ஒப்பந்தம் முடியுது சோரா" என்றார். அவர் பார்த்தார். அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இந்த வரிக்கு முன்னால் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தண்டனை உண்டென்றால், அவர் பதினொரு வருடமாக ஒரு நாள்கூடக் கூடத்தை மூடாதவர் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

கோலின் இரண்டு பாதிகளையும் தலைவர் எடுத்துக்கொண்டு போனார். திருகு மேசைக்கு அடியில் உருண்டுவிட்டது. திங்கட்கிழமை பெருக்கும்போது எடுத்தேன். இத்துடன் உறையில் வைத்திருக்கிறேன். அடியில் 400 என்று இருக்கிறது. மற்ற முனையில் கருங்காலிச் சிம்பு ஒட்டியிருக்கிறது. அவரிடம் இருக்கும் பின்பாதியில் அது பொருந்தும், வேறு எதிலும் பொருந்தாது என்று கி மாமா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்னிடம் கேட்க வேண்டுமானால் பள்ளிக்கு வரும்படி வேண்டுகிறேன். கூடத்துக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம்.

மேலே எழுதியவை நான் கண்டதும் கேட்டதும் நான் செய்ததும்தான். யாரும் சொல்லி எழுதவில்லை. கைநாட்டுக்குச் சிவப்பு மை கல்லாப்பெட்டியில் இருக்கிறது, அதைத் திறந்தால் மணி அடிக்கும். ஆகவே கோல் நுனியில் தடவுகிற நீலச் சுண்ணத்தில் பெருவிரலைத் தேய்த்து வைத்திருக்கிறேன். இது சீக்கிரம் உதிரும். உதிர்ந்துவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து மறுபடியும் வைக்கிறேன்.

2019 நவம்பர் 20
யோம் சோரா