கேப்டனும் பேராசிரியையும் கேட்ட வீடு

கணவர்: உலகத்துல எதை வேணும்னாலும் விக்கலாம். ஆனா வீட்டை மட்டும் யாரும் விக்கறதில்ல. ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறை கையில ஒப்படைக்குது. தரகர் வந்ததும் இதைத்தான் முதல்ல சொல்லப் போறேன்.

மனைவி: ஒப்படைக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் குழாயை இறுக்கி மூடிட்டு வாங்க. ஏழு மாசமா சொட்டுது.

கணவர்: நான் எவ்வளவு பெரிய விஷயம் பேசிட்டு இருக்கேன்...

மனைவி: பேசுங்க, யார் வேண்டாம்னா? வாய்தானே பேசுது. கை சும்மாத்தானே இருக்கு.

கணவர்: முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன் நான். இன்னிக்கும் தெருவுல சூப்பரின்டெண்ட் சார்னுதான் கூப்பிடறாங்க.

மனைவி: ஓய்வு பெற்ற அன்னிக்கு நீங்க பேசுன பேச்சுல பாதிப் பேருக்குக் கடைசி பஸ் போயிடுச்சு. அதையும்தான் இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க.

கணவர்: கிண்டல் பண்ணு. ஊர்ல ஒரு வீடும் நகரல. நம்ம வீட்டுக்கு மட்டும் ரெண்டு பேர் போட்டி போட்டுட்டு நிக்கறாங்கன்னா, அது யாரால?

மனைவி: யாரால?

கணவர்: ...வீட்டாலதான். வேற யாரால?

மனைவி: ஏன் இப்படி இருமறீங்க?

கணவர்: தூசி. நீதான் அலமாரியை நகர்த்திக்கிட்டே இருக்கியே.

மனைவி: நகர்த்தாம? பின்சுவத்துல ஈரம் ஏறிக்கிட்டே வருது. போன மாசம் அலமாரி வச்சு மறைச்சேன். இந்த மாசம் அதுக்கு மேல காலண்டர். அடுத்த மாசம் உங்களைத்தான் கொண்டுபோய் அங்க நிறுத்தணும்.

கணவர்: அடுத்த மாசம் நாம எங்க இங்க இருக்கப் போறோம்? முப்பதாம் தேதிக்குள்ள அந்த லிஃப்ட் வீட்டுக்கு மீதிப் பணத்தைக் கட்டியாகணும். கட்டலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவான்.

மனைவி: அதை என்கிட்ட சொல்லாதீங்க, என் முழங்கால்கிட்ட சொல்லுங்க. ஒவ்வொரு படியிலயும் அதுதான் தேதி எண்ணுது. பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடம்... லிஃப்ட்... பாத்ரூமுல கைப்பிடி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ங்க.

கணவர்: எல்லாம் நடக்கும். அந்தக் கப்பல் கேப்டன் பிடிச்ச பிடியை விடற ஆள் இல்ல.

மனைவி: கேப்டனை விட எனக்கு அந்தப் பேராசிரியைதான் நம்பிக்கையா தெரியறாங்க.

கணவர்: பேராசிரியையை இதுவரைக்கும் யாரும் கண்ணால பார்த்ததே இல்லையே?

மனைவி: கேப்டனை மட்டும்?

கணவர்: அவர் கடல்ல இருக்கார்.

மனைவி: அவங்க காலேஜ்ல இருக்காங்க.

கணவர்: காலேஜ் என்ன நடுக்கடல்லயா...

மனைவி: கேட் சத்தம். தரகர் வந்துட்டார். முதல்ல ஒரு சட்டையை மாட்டுங்க.

தரகர்: வணக்கம் சார். வணக்கம்மா. முழங்கால் எப்படி இருக்கு?

மனைவி: வீட்டோடயே இருக்கு. வித்தா அதையும் சேர்த்துக் குடுத்துடலாம்னு பார்க்கறேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல.

கணவர்: சந்தை எப்படி இருக்கு?

தரகர்: மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது சார். வாங்கறவன் இன்னும் இறங்கட்டும்கறான். விக்கறவன் இன்னும் ஏறட்டும்கறான். நடுவுல நான் ஒருத்தன்தான் செருப்புத் தேய நடக்கறேன்.

மனைவி: போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.

தரகர்: போன வாரமும் அது அப்படியேதான்மா நின்னுச்சு.

கணவர்: ஆனா நம்ம வீடு...

தரகர்: நம்ம வீட்டுக் கதையே வேற சார். ஆறு மாசத்துல நேர்ல வந்தது மூணே பேர். ஒருத்தர் தண்ணி வாங்கிக் குடிச்சார்.

மனைவி: ஒருத்தர் பாத்ரூம் போனார். போயிட்டு, குழாய் சொட்டுதுன்னு நமக்கே சொல்லிட்டுப் போனார்.

தரகர்: மூணாவது, அந்தப் பல் டாக்டர். பாவம், மூணு தடவை வந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நம்ம கேட்டதுல ரெண்டு லட்சம் குறைச்சா உடனே அட்வான்ஸ்னார்.

கணவர்: நான் என்ன பதில் சொன்னேன்? அவருக்கு நேராவே சொன்னேன். 'டாக்டர், இது என்ன ஆடற பல்லா, சும்மா பிடுங்கிட்டுப் போறதுக்கு?' அப்படின்னேன்.

மனைவி: சொல்லிட்டு நீங்க மட்டும் சிரிச்சீங்க.

தரகர்: அதுக்கப்புறம்தான் சார் அதிசயமே. திங்கக்கிழமை கேப்டன் போன் பண்ணி, கேட்ட விலைக்கு வாங்கிக்கறேன்னார். செவ்வாய்க்கிழமை பேராசிரியைம்மா. ஒரு லட்சம் கூட. புதன் கேப்டன் ரெண்டு. வியாழன் அம்மா மூணு. நேத்து கேப்டன் ஆறு...

கணவர்: ஆறா? எதுக்கு ஆறு? நாலுன்னுதானே... நாலுதானே நியாயமா அடுத்து வரணும்?

தரகர்: நானும் அதையேதான் சார் கேட்டேன். 'நடுக்கடல்ல இருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட முடியாது, எதுக்கும் ஆறுன்னே எழுதிக்கோங்க'ன்னுட்டார்.

மனைவி: இன்னிக்கு?

தரகர்: இன்னிக்குக் காலையில அம்மா எட்டு. சொல்லும்போது குரல் நடுங்குச்சு. பாவம், அவ்வளவு ஆசை போல.

கணவர்: பார்த்தியா? அடுத்த தலைமுறை கேக்குது. நாம ஒப்படைக்கறோம்.

தரகர்: அதான் சார், இனிமே இழுக்க வேண்டாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரையும் இங்கயே நேர்ல வரச் சொல்லிடறேன். அட்வான்ஸோட. யார் கை ஓங்குதோ அவங்களுக்கு முடிச்சுடலாம்.

கணவர்: ரெண்டு பேரையுமா?

மனைவி: நேர்லயா?

தரகர்: போன்லயே வீட்டை வாங்க முடியுமாம்மா?

கணவர்: இல்ல... யோசிச்சுப் பார்த்தா, கேப்டன் சரிப்பட மாட்டார்னு தோணுது. இன்னிக்கு இங்க இருப்பார், நாளைக்கு வேற துறைமுகம். பேராசிரியைக்கே குடுத்துடலாம்.

மனைவி: பேராசிரியையா? ஐயோ, வேண்டாம்ங்க. படிச்சவங்க. ஒவ்வொரு செங்கலுக்கும் விளக்கம் கேப்பாங்க. கேப்டன்தான் தங்கமான மனுஷர்.

கணவர்: இப்பதானே அந்தம்மா மேல நம்பிக்கைன்னே?

மனைவி: இப்பதானே அவர் பிடிச்ச பிடியை விடமாட்டார்னீங்க?

கணவர்: கேப்டனுக்குக் குடிப்பழக்கம் இருக்கு.

தரகர்: நீங்க அவர்கிட்ட பேசியிருக்கீங்களா சார்?

கணவர்: ...பொதுவாச் சொன்னேன். கடல் காத்து அப்படி.

மனைவி: பேராசிரியைக்கு நாலு நாய். வீட்டையே குதறிடும்.

தரகர்: நாயா? என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா.

மனைவி: குரைச்சுது. போன்ல.

கணவர்: உனக்கு எப்ப போன் வந்துச்சு?

மனைவி: ...பொதுவாச் சொன்னேன்.

தரகர்: எதுக்குக் குழப்பம்? இதோ கேப்டனுக்கே போட்டுடறேன்.

கணவர்: இப்பவா? அவர் தூங்கற நேரம்...

தரகர்: ரிங் போகுது சார்... ஹலோ, கேப்டன் சாருங்களா? நான்தான், தரகர். நாளைக்கு நேர்ல... ம்... ம்... யாரை? ...சரிங்க சார், கேட்டுச் சொல்றேன். வச்சுடறேன்.

மனைவி: என்ன சொல்றார்?

தரகர்: அது... 'சூப்பரின்டெண்ட் நேத்து வாக்கிங் வரல, இன்னிக்கு எவ்வளவு ஏத்தணும்னு சொல்லாமயே விட்டுட்டார், கேட்டுச் சொல்லுங்க'ங்கறார்.

மனைவி: வாக்கிங்!

கணவர்: இரு, சொல்றேன்...

மனைவி: உங்க வாக்கிங் கூட்டாளியா கேப்டன்? தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் வித்த மனுஷன்! தண்ணித் தொட்டியை எட்டிப் பார்த்தாலே தலை சுத்தும் அவருக்கு!

கணவர்: குரல் கம்பீரமா இருந்துச்சு. அதான்... அந்த டாக்டரை வழிக்குக் கொண்டு வரலாம்னு. இன்னொருத்தர் கேக்கறார்னு காதுல விழுந்தா அவரே கேட்ட விலைக்கு வந்துடுவார்னு நினைச்சேன். சும்மா ஒரே ஒரு போட்டி. சரி, விடு. அதனாலதானே பேராசிரியை ஏத்திக்கிட்டே வந்தாங்க? பலன் கிடைச்சுதுல்ல? தரகரே, அவங்களுக்குப் போடுங்க. எட்டுக்கே முடிச்சுடலாம்.

மனைவி: போடாதீங்க.

கணவர்: ஏன்?

மனைவி: இந்த நேரத்துல அவ பேரனைக் குளிப்பாட்டிட்டு இருப்பா.

கணவர்: எவ?

மனைவி: ...என் தங்கச்சி.

கணவர்: உன் தங்கச்சியா! எட்டு லட்சம் ஏத்தினது அவளா? ஒரு கட்டுக் கீரைக்கு அரை மணி நேரம் பேரம் பேசறவளா?

மனைவி: அவளும் அதைத்தான் சொன்னா. 'ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் கை காலெல்லாம் நடுங்குதுக்கா, குறைச்சுக் கேக்கற வேலையா இருந்தா குடு'ன்னா.

கணவர்: எதுக்குடி இந்த வேலை?

மனைவி: நீங்க எதுக்குச் செஞ்சீங்களோ அதுக்குத்தான். டாக்டர் காதுல விழட்டும்னு. அப்புறம் கேப்டன்னு ஒருத்தர் கிளம்பினதும், கூடக் கொஞ்சம் ஏறட்டுமேன்னு...

கணவர்: ஆக, என் ஆளும் உன் ஆளும்தான் இத்தனை நாளா மல்லுக்கு நின்னிருக்காங்க.

மனைவி: நம்ம வீட்டை நாமளே வாங்கறதுக்கு. அதுவும் எட்டு லட்சம் கூடக் குடுத்து.

தரகர்: நான் வேணா கொஞ்ச நேரம் வெளியில...

மனைவி: நீங்க உக்காருங்க. ஏங்க, நீங்களாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

கணவர்: எப்படிச் சொல்றது? நீ மாடிப்படியில உக்காந்து உக்காந்து ஏறறதைப் பார்த்தேன். மனசு கேக்கல.

மனைவி: நீங்க இல்லாத நேரமாப் பார்த்துத்தானே உக்காருவேன்.

கணவர்: தெரியும். அதனாலதான் நான் இருமிட்டு வருவேன். நீ எழுந்துக்கறதுக்கு நேரம் வேணுமே.

மனைவி: அப்போ அந்த இருமல் எல்லாம்...

கணவர்: சரி, அழாத. தரகர் இருக்கார்.

மனைவி: யார் அழறா? நீங்க சொன்ன அந்தத் தூசிதான். தரகரே, வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். அந்தப் பல் டாக்டர் ஒருத்தர்தான் நிஜம். அவருக்குப் போன் பண்ணுங்க.

கணவர்: ரெண்டு லட்சம் குறைச்சுக்கலாம்னு சொல்லுங்க. மூணுன்னாலும் சரி. ஆடற பல்லுன்னே நினைச்சுக்கட்டும்.

தரகர்: சார்... கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

மனைவி: குடிச்சாச்சா? இப்பப் போடுங்க.

தரகர்: டாக்டர்கிட்ட நான் தினமும் சொல்லிட்டேதான்மா இருந்தேன். கேப்டன் ஆறுங்கறார், அம்மா எட்டுங்கறாங்க, இந்தப் பக்கம் விலை தீயாப் பறக்குதுன்னு. மனுஷன் பயந்துட்டார்.

கணவர்: பயந்து, எட்டுக்கு மேல வரேன்னாரா?

தரகர்: பயந்து, இன்னும் ஏறறதுக்குள்ள எதையாவது பிடிச்சுடணும்னு பின் தெருவுல ஒரு வீட்டுக்கு இன்னிக்குக் காலையில அட்வான்ஸ் குடுத்துட்டார்.

மனைவி: ஐயோ... நம்ம வாயால நாமளே துரத்திட்டோமா?

கணவர்: தரகரை என்ன சொல்றது? போட்டி பொய்னு அவருக்கு எப்படித் தெரியும்?

மனைவி: தரகரே, ஏன் தலையைக் குனியறீங்க? தெரியுமா?

தரகர்: கேப்டன் ரொம்ப நல்ல மனுஷர்மா. முதல் நாள் போன்லயே, 'நான் கேப்டன் மாதிரி பேசறேனா, சரியா இருக்கா'ன்னு என்கிட்டயே கேட்டுட்டார்.

கணவர்: முதல் நாளே தெரிஞ்சும் இத்தனை நாள் ஏத்த விட்டீங்களா?

தரகர்: அம்மாவோட தங்கச்சியும் ஒருநாள் போன்ல பேசற நடுவுல, பக்கத்துல இருந்தவங்களைப் பார்த்து 'அக்கா, கொஞ்சம் இரு'ன்னாங்க.

மனைவி: அப்போ இன்னிக்கு எதுக்கு வந்து ரெண்டு பேரையும் நேர்ல கூப்பிடலாம்னு எங்களை ஆழம் பார்த்தீங்க?

தரகர்: இனிமே அந்தப் போட்டி தேவைப்படாதுன்னு...

கணவர்: எதுக்குத் தேவைப்படாது?

தரகர்: பின் தெரு வீடுதான் முடிஞ்சுடுச்சே சார்.

மனைவி: பின் தெருவுல எந்த வீடு?

தரகர்: பச்சை கேட் போட்டதும்மா. கிணறு பக்கத்துல.

கணவர்: அதுக்கும் நீங்கதான் தரகரா? அது யாரோட வீடு?

தரகர்: என்னோடதுதாங்க. ரெண்டு வருஷமா விலை போகவே இல்ல.