மூணு ஆமா, ஒரு இல்லை

— சத்தியமா சொல்றேன்க்கா, நான் ‘ஆமா’ன்னுதான் போட்டேன். அந்த ஒத்தை ‘இல்லை’ என்னோடது இல்ல.

— டேய், சத்தியத்தை எல்லாம் இப்பவே செலவழிச்சுடாதே, பின்னாடி தேவைப்படும். கேளு முதல்ல. அப்பா கேள்விக்கு நம்ம வீட்டு குரூப்புல விழுந்தது நாலு ஓட்டு. நான் ‘ஆமா’. உங்க மாமா நான் எதைத் தொடறேனோ அதைத்தான் தொடுவார். கடை நம்பர்னு ஒண்ணு அப்பா சேத்து வெச்சிருக்காரே, அதுல விழுந்தது அப்பாவோடதா இருக்கும். தன் கேள்விக்குத் தானே ‘இல்லை’ன்னு போட்டுப்பாரா? மிச்சம் யாரு, துரை, நீதானே?

— இதுக்குத்தான் ரகசிய ஓட்டு வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பேரு தெரிஞ்சா இந்த வம்பே வராது.

— பேரு தெரிஞ்சப்போ உங்க மாமா என் பேரைப் பாத்துப் பாத்துப் போட்டார். அதான் அப்பா மறைச்சு வெச்சார். இப்போ பக்கத்துல வந்து உக்காந்து, என்னைக் கேட்டுட்டுப் போடறார்.

— மீனுக்குத் தாகம் எடுக்குமான்னு அப்பா கேட்டதுக்குக் கூடவா?

— அதுக்குத்தான் ரொம்ப நேரம் கேட்டார்.

— சரி, அது கிடக்கட்டும். அப்பா மூணு நாளா கேள்வியே போடலக்கா. காலையில அவர் கேள்வி இல்லாம எனக்குப் பல்லு விளக்க மறந்த மாதிரி இருக்கு. கொட்டாவி ஏன் அடுத்தவனுக்கு ஒட்டிக்குது, சாக்ஸ்ல ஏன் ஒண்ணு மட்டும் காணாம போகுதுன்னு எதையாவது கேட்டுட்டே இருப்பார். காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட தெர்மாமீட்டரை வாயில வெச்சுக்கிட்டே கேள்வி போட்ட மனுஷன்!

— அதான் எனக்கும் பயமா இருக்கு. கடைசியா போட்ட கேள்வி என்ன? ‘இந்த வயசுல ஒரு மனுஷன் கல்யாணம் பண்ணிக்க வேண்டாமா?’ அது யாரைக் குத்திக் காட்டுது? காதோரம் நரைக்க ஆரம்பிச்சும், யாரோட லிஃப்டோ ரிப்பேர்னு கூரை மேல ஏறி உக்காந்திருக்கற உன்னைத்தான்.

— தெரியும். அதான் யோசிக்காம ‘ஆமா’ன்னு அமுக்கினேன்.

— ‘ஆமா’ன்னா? பண்ணிக்கறேன்னா?

— ‘ஆமா, வேண்டாம்’னு.

— என்னது?

— ‘வேண்டாமா’ன்னு கேட்டார். ‘ஆமா, வேண்டாம்’னு சொன்னேன். இதுல என்ன குழப்பம்?

— அடப்பாவி! நான் ‘ஆமா, கண்டிப்பா பண்ணிக்கணும்’னு போட்டேன்டா!

— அப்போ நீதான் மாத்திப் போட்டிருக்கே. பண்ணிக்கணும்னா ‘இல்லை’ன்னுல்ல போடணும்?

— உளறாதே. ‘நீ சாப்பிட வேண்டாமா’ன்னு கேட்டா, பசிக்கறவன் என்ன சொல்வான்?

— ‘ஆமா, சாப்பிடணும்’பான். இரு இரு. ‘இல்ல, சாப்பிடணும்’னும் சொல்லலாமே. ரெண்டும் வாயில வருதேக்கா!

— எனக்குத் தலை சுத்துது. இங்க பல்லு டாக்டர் உள்ள ட்ரில் போடறார், வெளிய ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே முறைக்கறார். சீக்கிரம் முடி.

— ஹலோ... யாருப்பா அது? ஒரு கையில இஸ்திரிப் பெட்டி, ஒரு கையில போனு. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.

— அப்பா! டேய், எனக்குத் தனியா போடச் சொன்னா குரூப்புக்கேவா போட்டே?

— கிரீஸ் கைக்கா, வழுக்கிடுச்சு. நாலு பேருன்னு காட்டுது. மாமாவும் வந்துட்டார் போல.

— வந்திருப்பார். மியூட்ல போட்டுட்டு அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பாப்பார். அப்பா, ஏன்ப்பா சத்தமே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?

— உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. வெளுக்க வந்த துணிதான் மலையா கிடக்கு. மகா ஜனங்களே, ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காம சொல்லணும். கோபிச்சுக்க மாட்டேன். அந்த ‘இல்லை’ உங்கள்ல யாரு போட்டது?

— நான் இல்லப்பா.

— சத்தியமா நானும் இல்ல.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கை தவறிக்கூட பட்டிருக்கலாம். ‘நான்தான்’னு ஒருத்தர் சொல்லிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்.

— ஏன்ப்பா, இவன் கல்யாணத்துக்காகவா இவ்வளவு கவலை? அவன் கிடக்கறான், கழுதை கெட்டா குட்டிச்சுவரு.

— இவன் கல்யாணமா?

— பின்னே? ‘இந்த வயசுல ஒரு மனுஷன்’னு கேட்டீங்களே?

— அந்த மனுஷன் நான்ம்மா.

— அப்பா, இங்க சிக்னல் விட்டு விட்டு வருது. இன்னொரு தடவை சொல்லுங்க.

— சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, துரை. உனக்குக் கேட்டது சரிதான்.

— அப்பா... உங்களுக்குக் கல்யாணமா? யாரோட?

— எதிர்க்கடை டெய்லர் மேடம். உன் மக பாவாடைக்கு இடுப்பு பிடிச்சுக் குடுத்தாங்களே, அவங்கதான். மதியம் ரெண்டு பேரும் டப்பாவைத் திறந்து வெச்சு ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். என் கேள்வியை எல்லாம் அவங்ககிட்டதான் முதல்ல சொல்லிப் பாப்பேன். அந்த மீன் கேள்வியே அவங்க கேட்டதுதான்.

— இவ்வளவு பெரிய விஷயத்தை, மீனுக்கும் கொட்டாவிக்கும் நடுவுல வெச்சா கேப்பீங்க? எனக்கு அழறதா சிரிக்கறதான்னே தெரியலப்பா.

— நேரா கேக்க வாய் வரலம்மா. உங்க அம்மா போனதுக்கு அப்புறம் எனக்குன்னு எதுவும் கேட்டுப் பழக்கம் இல்ல. விளையாட்டோட விளையாட்டா சொருகிட்டா, நீங்களும் சிரிச்சுக்கிட்டே போட்டுடுவீங்க, எனக்கும் வெக்கமா இருக்காதுன்னு பாத்தேன்.

— அப்பா, அப்போ நான் போட்ட ‘ஆமா’ செல்லாது. எனக்குக் கல்யாணம் வேண்டாம்னுதான் போட்டேன், உங்களுக்கு வேண்டாம்னு இல்ல. நீங்க தாராளமா பண்ணிக்கோங்க. மாத்திப் போடறேன்.

— ‘ஆமா’ன்னு போட்டுட்டு வேண்டாம்ங்கறே. வேணும்னு சொல்ல இப்போ எந்தப் பக்கம்டா மாத்தப் போறே?

— அதான் எனக்கும் தெரியலப்பா.

— சும்மா இருடா. அப்பா, பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. அம்மா நாற்காலில இன்னொருத்தர் உக்காருவாங்கன்னு நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க தனியா டிவியைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறது அதைவிடக் கஷ்டமா இருக்கு. என் ஓட்டு உங்களுக்குத்தான். அவங்ககிட்டக் கேட்டீங்களா?

— அவங்களையும் சேத்துத்தான் கேட்டேன்.

— எங்க கேட்டீங்க?

— குரூப்புலதான். கடை நம்பர்னு நான் சேத்தேன் இல்ல? கடைதான், ஆனா என் கடை இல்ல. அவங்க கடை.

— ஐயோ அப்பா... அப்போ அந்த ‘இல்லை’?

— அதுக்குத்தான் உங்களைக் கிளறிக்கிட்டு இருக்கேன். நீங்க யாராவது போட்டிருந்தா சண்டை போடலாம், கெஞ்சலாம், நாலு நாள் பேசாம இருந்து உங்களை வழிக்குக் கொண்டு வரலாம். அவங்க போட்டிருந்தா நான் என்னத்தைப் பண்றது?

— எதிர்லதானே இருக்காங்க? பத்தடி நடந்து போய்க் கேக்க வேண்டியதுதானே?

— வாயாலயும் ‘இல்லை’ன்னு சொல்லிட்டா? அதுக்குப் பயந்து மூணு நாளா மதியம் அந்தப் பக்கமே போகல. கண்ணாடி வழியா பாத்தா மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு, தலை நிமிரல. மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணிட்டுத் தங்கச்சி ஊருக்குப் போறாங்க. போறதுக்குள்ள கேட்டுடணும்னுதான் இந்தக் கூத்தே.

— அப்பா, இன்னும் மாமா பாக்கி. அவர் அக்காவுக்குத் தெரியாம மாத்திப் போட்டிருந்தா?

— அதைத்தான் நானும் நம்பிக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளை, லைன்லதானே இருக்கீங்க? பயப்படாம சொல்லுங்க. நீங்கதான் ‘இல்லை’ன்னு சொன்னா உங்க சட்டை எல்லாம் ஆயுசுக்கும் இலவசமா வெளுத்துத் தர்றேன்.

— பேச மாட்டேங்கறாரே.

— இருங்கப்பா, அவரே கிளினிக் வாசல்ல வந்து நிக்கறார். ஏங்க, வீட்டுச் சாவியா? இந்தாங்க. அன்னைக்கு அப்பா கேட்ட கல்யாணக் கேள்விக்கு நீங்க என்ன போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்... ‘நீ சொன்னதைத்தான்’ங்கறார்ப்பா. ‘ஆமா’தானாம். இன்னைக்கு லைன்ல வரவே இல்லையாம். போன் காலையிலேயே சார்ஜ் தீந்து அணைஞ்சுடுச்சாம்.

— சரிம்மா. மூணு ‘ஆமா’வும் நம்ம வீட்டோடது. மிச்சம் ஒண்ணு யாரோடதுன்னு இனிமே கேக்க வேண்டாம். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. மனசு வலிக்கத்தான் செய்யுது, ஆனா அவங்க மேல தப்பு இல்ல. விடுங்க. நாளைக்குக் காலையில வேற நல்ல கேள்வியா போடறேன்.

— அப்பா, வெச்சுடாதீங்க! மாமா போன் காலையிலேருந்து அணைஞ்சிருக்குன்னா, இவ்வளவு நேரமா லைன்ல நாலாவதா இருக்கறது யாரு?

— மன்னிச்சுக்கோங்க, வாய் நிறைய குண்டூசி இருந்துச்சு, அதான் நடுவுல பேச முடியல. ஏன் சார், ‘வேண்டாமா’ன்னு கேட்டா, வேணும்ங்கறவ ‘இல்லை’ன்னுதானே சொல்லணும்?