ரோஸ்கோவின் இடது பக்கம்

எஸ்ரா: என்னடா சொல்ற? ஞாயித்துக்கெழம ஆட்டத்துல எறங்க மாட்டியா?

ரோஸ்கோ: மாட்டேன். இனிமே எப்பவுமே மாட்டேன். வண்டிய நிறுத்து... கோச்சப் பாத்து சொல்லிட்டு வந்துடறேன்.

எஸ்ரா: ஒம்பது வருஷமா அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தத் தூக்கிட்டு ஓடற. கோப்பைய ஒரு தடவகூடத் தொட்டதில்ல. இப்ப கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தாச்சு... கொட்டற பனியில க்ளீவ்லாண்டே ஒன் பேரு போட்ட சட்டையோட அலையுது!

ரோஸ்கோ: முட்டி வலிக்குதுடா.

எஸ்ரா: முட்டியா? கிழிஞ்ச முட்டிய வெச்சுக்கிட்டே நாலு பேர இழுத்துட்டுப் போய் எல்லைக் கோட்டுல விழுந்தவன் நீ!

ரோஸ்கோ: அப்ப வயசு இருந்துச்சு.

எஸ்ரா: ஆமா, இப்ப தாத்தா! ஒன்னவிடப் பெரியவன்டா நான். ஒனக்கு முன்னாடி ஓடி, வர்றவன எல்லாம் முட்டித் தள்ளி ஒனக்கு வழி பண்றதுதான் என் பொழப்பு. என் பேரு போட்ட சட்ட எந்தக் கடையிலயும் கெடையாது. நானே எறங்கறேன்...

ரோஸ்கோ: நீ எருமக் கடா. ஒனக்கென்ன.

எஸ்ரா: சரி, எருமதான். என்னாச்சு, சொல்லு.

ரோஸ்கோ: ஒண்ணுமில்ல. நீ வண்டிய நிறுத்து.

எஸ்ரா: மிசிசிப்பிலேர்ந்து ஒங்கம்மா வர்றாங்கன்னியே. அவங்ககிட்ட என்ன சொல்லப் போற?

ரோஸ்கோ: சந்தோஷப்படும். நான் ஓடும்போதெல்லாம் எங்கம்மா கண்ண மூடிக்கும், தெரியுமா? பக்கத்துல இருக்கறவங்க கத்தினாத்தான் தெறக்கும்.

எஸ்ரா: பேச்ச மாத்தாத.

ரோஸ்கோ: நேத்து... எம் பொண்ணு நயோமி கைய நீட்டிக்கிட்டு நின்னா. நான்... அவள இடிச்சுத் தள்ளிட்டேன்டா. ஒதடு கிழிஞ்சிருச்சு.

எஸ்ரா: புள்ளைங்கன்னா குறுக்க வர்றதுதான்...

ரோஸ்கோ: குறுக்க வரல. பக்கத்துலயே நின்னா. எனக்குத் தெரியல. எடது கண்ணு... சீசன் ஆரம்பத்துல ஒரு அடி விழுந்துதே, அப்ப மங்குனது. இப்ப சுத்தமா இருட்டு.

எஸ்ரா: டாக்டர் சோதிச்சாரே?

ரோஸ்கோ: பலகையில இருக்கற எழுத்த மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். யாருக்கும் தெரியாது. ஒங்கிட்டகூடச் சொல்லல... மன்னிச்சுக்கடா.

எஸ்ரா: போடா லூசு! இந்த சீசன் முழுக்க எடது பக்கத்துலேர்ந்து ஒம்மேல ஒரு அடிகூட விழல. அதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்ச? இந்தா பாரு... அத்தனையும் வாங்கி வாங்கி, இந்தக் கையத் தூக்கி என்னால தல வாரக்கூட முடியல. வண்டிய விட்டு எறங்கு. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்தே போவோம்.