தூக்கத்துல சிரிக்கிற பொண்ணு

...கொழந்த உங்கள பாத்து சிரிக்கல மாமான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா சார். யாரா? எம் பொண்டாட்டி மேரியோட தங்கச்சி, கிறிஸ்டினா. நர்சுக்கு படிக்கிறா. படிக்கட்டும், வேணாங்கல. அதுக்குன்னு பெத்த அப்பன்கிட்ட பேசற பேச்சா இது?

கொஞ்சம் அந்தாண்ட நகருங்க, பைய வச்சிக்கிறேன். ஆங்... பொண்ணு பொறந்து ஒன்ற மாசம் ஆவுது. மேரி ஆரம்பாக்கத்துல அவங்கம்மா ஊட்ல கீறா. எனக்கு கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுல நைட் ஷிப்ட்டு. காலைல இந்த ரயில புடிச்சி போனா கொழந்த தூங்கிக்கினு கெடக்கும். சாயந்தரம் அது முழிக்கசொல்லோ நான் ட்யூட்டிக்கு கெளம்பிடுவேன். ஒரே பேஜாரு. ஆனா தூக்கத்துல சிரிக்கும் பாருங்க... ஒரு கன்னம் மட்டும் மேல போவும். எனக்கு நாஷ்டாவே வேணாம், அது போதும். அப்பன் வந்தது தெரிஞ்சி சிரிக்குதுன்னு மில்லு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன்.

பக்கத்தூட்டு பூவம்மாள், கனவுல நரி வெரட்டுதுன்னாங்க. சரி, பெரியவங்க, வுட்டுட்டேன். இந்த கிறிஸ்டினா இன்னா சொல்றா... பச்ச கொழந்தைக்கு மூளைல கரண்டு தானா ஓடுமாம். யாரும் கூப்ட வேணாம், தொட வேணாம். ஒரு நரம்பு ரசாயனத்த கக்கும், அடுத்த நரம்பு துள்ளும், வாய் இழுத்துக்கும். அதான் சிரிப்பாம். அதுலயும், நமக்கு சும்மா இருன்னு சொல்ற ரசாயனமே வயித்துல இருக்கற கொழந்தைக்கு எழுந்திருன்னு சொல்லுமாம். இன்னா நியாயம் சார் இது?

எனக்கு புரியாம இல்ல. புது மோட்டார் வந்தா நாங்களும் லோடு குடுக்காம சும்மா ஓட்டி பாப்போம். அதேதான் மாமான்றா. அப்ப இத்தினி நாளா எனக்குன்னு ஒரு சிரிப்பு கூட இல்லியா? மனசே வுட்டு போச்சி சார். மேரி வேற வாய பொத்திக்கினு சிரிக்கிறா.

நேத்து கேளுங்க. நான் போவசொல்லோ பொண்ணு முழிச்சிக்கினு கெடந்தா. கண்ணு ரெண்டும் எம்மேலதான். ஓடிப்போயி, அம்மாடி, அப்பா வந்துட்டேன்னேன். மில்லுல கத்தி கத்தி பேசி பழக்கமா, கொரலு கொஞ்சம் பெருசு... தூக்கி வாரி போட்டு, வீல்னு அழுதா பாருங்க, தெருவே கூடிடுச்சி. மேரி திட்டறா, மாமியா திட்டறாங்க. நான் எதையும் காதுல வாங்கல. கிறிஸ்டினாவ கூப்ட்டு கேட்டேன், ஏம்மா, இதுவும் தானா வரதா?

இல்ல மாமா, இது உங்களாலதான்னா.

எனக்கே எனக்குன்னு அழுதிருக்கா சார் எம் பொண்ணு.