காருக்கடியில் மின்னிய விளக்கு

என் பெயர் ராதொய்கா ஸ்தனோயெவிச், வயது 58. கணவர் பெயர் வெலிமிர். கிராகுயெவாத்ஸ் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. என் கணவரை விசாரணைக்கு அழைத்து வந்தது தொடர்பாக நானாகவே முன்வந்து சொல்வதாவது:

காருக்கடியில் கிடைத்த பொருள் குண்டு அல்ல, கைவிளக்கு. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். உடம்பு நிமிர்ந்து நிற்க, தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அடியில் காந்தம் உண்டு. இரும்பில் ஒட்டிவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். இதுபோல் ஒரு இழுப்பறை நிறைய வைத்திருக்கிறார் என்றாலும், பட்டப்பகலிலும் அவர் சட்டைப்பையில் இருப்பது இதுதான். வெளிச்சம் சுத்த வெள்ளையா, பச்சைச் சாயல் தட்டுகிறதா என்று அவர் சுவரில் விளக்கைப் பாய்ச்சிப் பார்க்காத வீடு எங்கள் உறவில் கிடையாது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்கே பிடித்துவிட்டது.

கீழ்வீட்டுத் திராகிஷா அவருடைய நெடுநாள் நண்பர். குளிர்காலத்தில் எங்கள் வீட்டுப் புனிதர் திருநாள் விருந்தில், அந்த விளக்கை எல்லோர் முன்பும் தூக்கிக் காட்டி, "டேய் வெலிமிர், இது லைட்டா, இல்ல குழாய்லேருந்து கழண்ட எல்போவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்றுக் காலை திராகிஷாவின் காருக்கடியில் பிரேக் ஆயில் சொட்டியிருப்பதை என் கணவர் பார்த்தார். வாய்விட்டுச் சொல்ல ரோஷம் விடவில்லை. அதன் பின்னர், திராகிஷா நடந்து சந்தைக்குப் போன நேரத்தில் காருக்கடியில் புகுந்து, விளக்கை ஒட்டவைத்து, தளர்ந்திருந்த பிரேக் குழாயை முறுக்கிவிட்டு, அவர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் விளக்கை எடுக்காமலே வெளியே வந்துவிட்டார். எங்கே வைத்தாலும் கண்டுபிடிக்க வசதியாக, அதில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருக்கும். என் கணவர் வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகெல்லாம் கிரீஸ். நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத, என்னை இளக்காரமா நினைப்பான்" என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

இன்று காலை திராகிஷா, கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தபோது, அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டு "குண்டு! குண்டு!" என்று கத்தினார். குடியிருப்பே வெளியே ஓடியது. அதன் பின்னர் காவலர்கள் வந்து, அதை வெடிவைத்து அழிக்கப்போவதாக அறிவித்தார்கள். அப்போது ஒரே ஒருவர்தான் காரை நோக்கி ஓடினார். "ஐயோ, உடைச்சிடாதீங்க, அது என்னோடது!" என்று கத்தியவர் என் கணவர். அது அங்கே எப்படி வந்தது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. இங்கும் திறக்கவில்லை என்று அறிகிறேன். செய்த நல்லதை மறைக்கச் சிறைக்குக்கூடப் போகத் துணிந்த மனிதருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. ஆகவே கொடுத்த வாக்கை மீறுகிறேன். பிரேக் குழாயைச் சோதித்தால் புதிதாக முறுக்கிய தடம் தெரியும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, புகார் கொடுத்த திராகிஷா எழுந்து என் கணவரிடம் போனார். "இன்னைக்கு பேத்திய ஏத்திக்கிட்டு மலையிலேருந்து இறங்கறதா இருந்தேன்டா" என்றார். என் கணவர் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

நான் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ராதொய்கா ஸ்தனோயெவிச்