முதல் பரிசு பெற்ற சத்துமாவின் செய்முறை

அப்படி எடுத்த எடுப்புல தேவையான பொருள்கள்னு ஆரம்பிக்கப்படாது, சங்கர்ராம். பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ. மொதல்ல பேர் வரணும். எழுதிக்கோங்கோ: மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் முப்பத்தொன்பது வருஷம் தராசு பிடித்தவரும், கொடுவாயூர் நாராயணய்யர் குமாரருமான வைத்தீஸ்வரன், வயது எழுபத்தெட்டு. பூர்த்தி. நடக்கறது எழுபத்தொம்பது. அதையும் போட்டுடுங்கோ, பின்னால யாரும் குறைச்சுச் சொன்னேன்னு பேசப்படாது.

பரிசு வாங்கினது எங்காத்துக்காரி கமலாக்ஷிதான். யார் இல்லைன்னா? ஆனா சமைக்கிறது வேற, ஒரு பண்டத்துக்குக் கர்த்தாவா இருக்கிறது வேற. அவ பேரும் வரும், அதுக்குரிய இடத்துல வரும்.

என்ன அது, மலையாளத்துல எழுதறேளே? தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலராச்சே. ஓ, அச்சகத்துல பாத்து மாத்திப்பாளா. சரி, அது போதும். கலூர்ல படிச்சவாளைத் தமிழ் எழுதலைன்னு குத்தம் சொல்றது நியாயமில்லை. நான் மாத்திரம் என்ன, எட்டாம் கிளாஸ் வரைக்கும் மலையாளம்தான். தமிழ் நானாப் படிச்சது. பஜார் ரோட்டுல விருதுநகர்க்காரர் ஒருத்தர் கடை போட்டிருந்தார். அவருக்கு ஊர்லேந்து பழைய பத்திரிகை கட்டுக் கட்டா வரும். பயறு, கடலை, எள்ளு, எல்லாம் அந்தக் காகிதத்துலதான் பொட்டலம். கிடங்குலேந்து ஆத்துக்கு வந்ததும் சாமானை டப்பால கொட்டிட்டு, காகிதத்தை நீவி நீவிப் படிப்பேன். இலக்கணமும் வந்தது, ஆரோக்கியமும் வந்தது. ஒரு குறை உண்டு. பொட்டலக் காகிதம் பாதிலதான் கிழிஞ்சிருக்கும். தினமும் ஒரு கைப்பிடி வாதுமை உண்டால் இதயம் பலப்படும், ஆனால்... அவ்வளவுதான். அந்த ஆனாலுக்கு அப்பறம் என்னன்னு அடுத்த பொட்டலம் வாங்கினவனுக்குத்தான் தெரியும். ஆனால்னு முடியற காகிதம் மாத்திரம் எங்கிட்ட நாப்பத்தொண்ணு இருக்கு. எல்லாம் ஒரு கோப்புல இருக்கு, கொண்டுவரட்டுமா?

வேண்டாமா. அவசரம் புரியறது. நாளைக்குக் காலமே அச்சுக்குப் போகணும், முதல் பரிசுச் செய்முறை இல்லாட்டா ஒரு பக்கம் வெளுப்பா நிக்கும். எனக்கும் அவசரம் உண்டு. இன்னிக்குக் காபி குடுக்கறச்சே கமலாக்ஷி சொன்னா, வர்றவர் கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, பொய் அச்சாச்சுன்னா பரிசா வந்த அந்தக் குக்கரை நானே சங்கத்துல கொண்டுபோய் வச்சுட்டு வந்துடுவேன்னு. சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. கதவு தெறந்துதான் இருக்கு, பாத்தேளா. ஆதலால் நான் சொல்றது சத்தியம். வரிசைப்படி வரும்.

போட்டி உங்களுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, வீட்டுச் சத்துணவுப் போட்டி. எட்டு வருஷம் உங்க அம்மா பாக்கியலக்ஷ்மி முதல் பரிசு. எட்டு வருஷமும் எங்காத்துக்காரி ரெண்டாவது. ரெண்டாம் பரிசு எவர்சில்வர் கரண்டி. எட்டு கரண்டி தொங்கறது அடுக்களைல, இவ ஒண்ணைக்கூட எடுத்துக் கிளறினதில்லை. உங்க அம்மாவைக் குத்தம் சொல்லலை. நல்ல கை. கேப்பையை மூணு நாள் முளைகட்டி நிழல்ல உலர்த்தறவா இந்தத் தெருவுல வேற யாரு?

கமலாக்ஷியோட மாவு எளிமையானதாக்கும். பதினோரு சாமான். கேப்பை, கோதுமை, புழுங்கலரிசி, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா, வாசனை வர்ற வரைக்கும், கருகாம வறுப்பா. பதினோரு சாமானை வச்சுண்டு இந்தக் காலத்துல ஜெயிக்க முடியுமா, சொல்லுங்கோ? போன வருஷம் கார்த்திகைல நான் தலையிட்டேன். கோப்பைப் பிரிச்சேன். ஆளி விதை சேர்த்தேன், மூட்டுக்கு. பூசணி விதை, சூரியகாந்தி விதை, வெள்ளரி விதை, தர்பூசணி விதை. அக்ரோட்டு, வாதுமை, பிஸ்தா. எள்ளு ரெண்டு நிறம். சியான்னு ஒரு விதை, எந்தச் சீமைல வெளஞ்சதோ, வல்லார்பாடத்துல கப்பலேந்து எறங்கினா அதுக்கு ஒரு மதிப்பு. நம்ம வாசல்ல உதிர்ற துளசி விதையை எறும்பு இழுத்துண்டு போறது, யாரும் கேக்கறதில்லை. அதையும் சேர்த்தேன், நியாயத்துக்காக. மொத்தம் முப்பத்தாறு.

இல்லை, எழுதாதேங்கோ. இன்னும் செய்முறை வரலை.

கமலாக்ஷி வாணலியை அடுப்புல ஏத்தினா. மூணு நாள் வறுத்தா. கை பொரிஞ்சு, தேங்காயெண்ணெய் தடவிண்டு வறுத்தா. கடைசி டப்பாவை மூடறச்சே ஒரு வார்த்தை கேட்டா: தானியம் எங்கே?

கேக்க வேண்டிய கேள்விதான். முப்பத்தாறுல தானியம் நாலுதான். மத்தது பெரும்பாலும் எண்ணெய் வித்து. அதை நான் அப்போ யோசிக்கலை. எந்தப் பொட்டலத்துலயும் அது இல்லை.

இப்போ மில்லுக்கு வரோம். தங்கதுரை மில்லு, நீங்களும் அங்கதான். திருநெல்வேலிக்காரன், நல்லவன், என்னைச் சாமின்னுதான் கூப்பிடுவான். இங்கே ஒரு முக்கியமான விஷயம், இதை அப்படியே போடணும். முப்பது வருஷமா எங்காத்து மாவுல வேற ஆத்து மாவு ஒரு சிட்டிகை கலந்தது கிடையாது. மில்லுல மாவு விழறது ஒரு துணிக்குழாய் வழியா. முன்னால அரைச்சவாளோட மாவு அதுல ஒட்டிண்டிருக்கும். மத்தவா அதைப் பாக்கறதில்லை. தட்டி வாங்கிண்டு போயிடுவா. நான் பாப்பேன். குஜராத்தித் தெருவுல அரைச்ச கம்பு என் பாத்திரத்துல எதுக்கு? கொங்கணி ஆத்து உளுந்து எதுக்கு? பேக்கரிக்காரர் கோதுமை எதுக்கு? குழாயை அவுத்து உதறி, மறுபடி கட்டினாத்தான் என் சாமான் மேல தொட்டில விழும். தங்கதுரை முகம் சுளிக்காம செய்வான். உதறினதை ஒரு தகர டின்னுல போட்டு வைப்பான். தோப்பும்படிலேந்து தூண்டில் போடறவா வந்து வாங்கிண்டு போவா, உருட்டி மீனுக்கு இரை வைக்க. எனக்கு முன்னால நிக்கறவாளுக்கு நான் உதறச் சொல்றது கேக்கும். கேக்கட்டும்னுதான் சொல்றது. சுத்தம்னா வாயால சொல்லணும்.

ஆமாம், உங்க அம்மாவுக்கும் கேட்டிருக்கு. பலமுறை. ஒருதரம் திரும்பிப் பாத்து, எங்காத்து மாவு ஒண்ணும் கடிக்காது வைத்தீஸ்வரன்னு சொன்னா.  கொள்கை வேற, சிநேகிதம் வேற.

நிற்க. போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், முப்பத்தாறு சாமானையும் தூக்கிண்டு போனேன். குழாயை உதறச் சொன்னேன். உதறினான். மூடியைத் தெறந்து பாத்தான், கைல ஒரு பிடி எடுத்து அழுத்தினான், உள்ளங்கை பளபளன்னு ஆச்சு. சாமி, இது மாவு மில்லு, செக்கு இல்லைன்னான். பாதிக்குப் பாதி அரிசியாவது சேருங்க, இல்லன்னா கல்லு புடிச்சிரும்னான். நான் பொட்டலக் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அதை அவன் படிக்கலை. நான் சொன்னேன், முப்பத்தொன்பது வருஷம் தராசு பிடிச்சவன் கிட்ட அளவு சொல்லாதே தங்கதுரைன்னு. கொட்டுன்னேன். கொட்டினான்.

ரெண்டு நிமிஷம் ஓடித்து. அப்பறம் மெஷின் ஒரு மாதிரி முனகித்து. குழாய் வழியா மாவு வரலை, ஒரு களிம்பு மாதிரி வந்தது, சொட்டுச் சொட்டா. பின்னே பெல்ட் நழுவித்து, புகை வந்தது, வரிசைல நின்னவா எல்லாம் வெளில போய் நின்னா. தங்கதுரை மெஷினைப் பிரிச்சு, கரண்டியால சுரண்டினான். கருப்பா, பிசினா, செருப்புத் தைக்கிறவர் கிட்ட இருக்குமே, அது மாதிரி. மூணு நாள் வறுத்த சாமான். இருபது சாமானுக்கு மேல கப்பல்ல வந்தது. அத்தனையும் ஒரு பழைய சாக்குல.

அவன் ஒரு வார்த்தை கடிஞ்சுக்கலை. அதுதான் பெரிய கஷ்டமா இருந்தது.

என்ன பண்ணினேனா? ஸ்டூல்ல உக்காந்தேன். ஆத்துல அவ தேச்சு வச்ச வெண்கலப் பானை, சலிக்கிறதுக்கு வெள்ளைத் துணி, எல்லாம் தயாரா வச்சுண்டு காத்திண்டிருக்கா. ஒன்பதாவது கரண்டிக்கு இல்லை, முதல் தடவையா நெஜமாவே ஜெயிப்போம்னு நான் வாக்குக் குடுத்திருந்தேன். வெறும் பாத்திரத்தோட எப்படிப் போறது? புதுசா வறுக்க நேரமில்லை, அவ கைலயும் தெம்பில்லை.

ஆச்சு, கிட்டக்க வந்துட்டோம். சாயா ஆறிப் போறது, குடியுங்கோ.

மறுநாள் நடந்தது நீங்க பாத்ததுதான். பதினாலு பேர் வச்சிருந்தா. ஒருத்தி ராத்திரி ஊறவச்ச ஓட்ஸ், கண்ணாடிக் குப்பில அடுக்கடுக்கா, பாக்கறதுக்குச் சாமி அலங்காரம் மாதிரி. சுபாஷிணி சக்கரையே இல்லாத எள்ளுருண்டை, உருண்டை இருந்தது, ருசி வரலை. எறணாகுளத்துலேந்து நடுவரா வந்த அம்மா கைல ஒரு கடிகாரம் கட்டிண்டிருந்தா, எத்தனை அடி நடந்தான்னு அது சொல்லுமாம். ஒவ்வொரு மேஜைக்கும் போயிட்டு அதைத்தான் பாத்தா. கமலாக்ஷி கஞ்சியைக் குடிச்சதும் கடிகாரத்தைப் பாக்கலை. கண்ணை மூடினா. அப்பறம் மைக்குல சொன்னா: ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கலப்பில்லாமல் காப்பாற்றி வந்தாலொழிய இந்தச் சமநிலை கைகூடாது.

உங்க அம்மா முதல் ஆளா வந்து கமலாக்ஷி கையைப் பிடிச்சுண்டா. எங்க கேப்பை மாதிரியே இருக்குடீன்னா. நீங்க பக்கத்துலதான் நின்னேள். ஞாபகம் இருக்கோ?

சரி. இப்போ பேனாவை எடுங்கோ. தேவையான பொருள்கள். குஜராத்தித் தெருக் கம்பு, அளவு தெரியாது. கொங்கணி ஆத்து உளுந்து, அளவு தெரியாது. பேக்கரிக் கோதுமை. பாலத்து வேலைக்கு வந்திருக்கிறவாளுக்குச் சமைச்சுப் போடற இசக்கிசெல்வியோட சோளம். பத்திரின்னு அரிசி ரொட்டி தட்டறதுக்கு அரைச்ச யாரோட அரிசியோ. பொட்டுக்கடலை உண்டு, யாரோடதுன்னு தங்கதுரைக்கும் ஞாபகமில்லை. அன்னிக்கு எனக்கு முன்னால வரிசைல நின்னு அரைச்ச, மூணு நாள் முளைகட்டி நிழல்ல உலர்த்தின கேப்பை. அது யாரோடதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்காத்துதான். செய்முறை: துணிக்குழாயை உதறி, தகர டின்னில் சேர்த்து, இரண்டு தரம் சலிக்கவும். மிளகாய் அரைக்கிற நாளாக இருக்கப்படாது. சுக்கு, ஏலக்காய், வெல்லம், இது மாத்திரம் எங்காத்து.

சிரிக்கறேளா, இல்லை கோபமா? மொகத்தைப் பாத்தா எனக்குத் தெரியலை.

இல்லை, அவளை நான் ஏமாத்தலை. ஏமாத்தப் பாத்தேன். அன்னிக்குச் சாயங்காலம் புதுக் குக்கரை மேஜை மேல வச்சுட்டு, அடில ஒட்டின கஞ்சியை ஒரு கரண்டியால வழிச்சா. எட்டுல ஒரு கரண்டி, கேட்டேளா, முதல் தரமா. நக்கிப் பாத்தா. என் வறுவல் வாசனை இதுல இல்லையே, யாராத்து மாவுன்னா. எல்லாராத்து மாவும்னேன்.  எனக்கு ஒரு டம்ளர் ஊத்தி நீட்டினா. முப்பது வருஷமா நான் உதறி எறிஞ்சது. குடிச்சேன். அந்த நடுவர் அம்மா சொன்னது தப்பில்லை, சமநிலை இருந்தது.

அப்பறம் அவ சொன்னா: இனிமே மில்லுல குழாயை உதறச் சொல்லாதேங்கோ.

சரின்னேன். நான் சரின்ன அந்தத் தேதியைப் போடுங்கோ, அது இல்லாம எதுவும் பூர்த்தியாகாது: கொல்லம் ஆயிரத்து இருநூறு, தனு மாசம் இருபத்தெட்டு, இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரி பன்னிரண்டு, ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறே முக்கால்.